கூடிப்போன பச்சை

அத்தியாயம் 17

ஒரு மனிதனின் நாற்பது வருஷத்துப் பெயரைக் கெடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கன்னையன் விஷயத்தில் இரண்டு நிமிஷம் பதினோரு விநாடி பிடித்தது. அவர் மகள் அருணா எடுத்த வீடியோவின் நீளம் அவ்வளவுதான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கன்னையனுக்குக் குரங்கணிக்கு மேலே சரிவில் மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். வீடு போடியில். தோட்டத்தையும், காய் உலர்த்துகிற ஸ்டோரையும் மகன் தங்கபாண்டி பார்த்துக்கொள்கிறான். அருணா வீட்டிலிருந்தபடியே ஸ்டூடியோக்காரர்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறாள்.

போன வருஷம் சிறு ஏல விவசாயிகள் சங்கத்தில் கன்னையன் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றிப் பச்சையாக்கி விற்பவன் யாராக இருந்தாலும் மூன்று வருஷம் சங்கத்தை விட்டு நீக்க வேண்டும் என்று. அதில் இரண்டு குடும்பம் வெளியே போனது. கன்னையனுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது குறைந்தது. மனிதர் அதற்கெல்லாம் அசரவில்லை.

அதே சங்கம்தான் இந்த மாதம், ‘சாயம் இல்லாத போடி ஏலம்’ என்று வெளியூர் வியாபாரிகளுக்கு ஒரு வீடியோ அனுப்பலாம் என முடிவு செய்தது. யார் தோட்டத்தை எடுப்பது என்ற பேச்சே எழவில்லை. அருணா போய் எடுத்தாள், வெட்டி ஒட்டினாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

போட்ட வீடியோவில் காய் எப்படி இருந்தது தெரியுமா? பிளாஸ்டிக் குடம் மாதிரி பச்சை. கண்ணைக் குத்தியது.

“தீர்மானம் போட்டவர் காய்தானே இது? கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்று ஒருவர் எழுதினார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். திங்கட்கிழமைக்குள் அது குரங்கணி, போடிமெட்டு எல்லாம் ஏறி, மலைக்கு அந்தப் பக்கமும் இறங்கிவிட்டது.

இன்று செவ்வாய்.

காலை பத்து மணிக்குக் கன்னையன் தன் வெள்ளைச் சட்டையை மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தச் சட்ட என்ன பாவம் பண்ணுச்சு? போட்டு இந்தப் பாடு படுத்துறீக” என்றாள் பாண்டியம்மாள் அடுப்படியிலிருந்து.

அவர் இஸ்திரிப் பெட்டியை இன்னொரு தடவை ஓட்டினார். கோபம் வந்தால் பேசாமல் ஏதாவது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது அவர் வழக்கம். இரண்டு நாளாக வீட்டில் துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டாகிவிட்டது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சங்கத் தலைவர் பேச்சிமுத்து. இருபது வருஷமாகக் கன்னையன் காயை வாங்குகிற வியாபாரியும் அவர்தான்.

“வாங்கண்ணே. காபி கொண்டாறேன்” என்றாள் பாண்டியம்மாள்.

“வேணாந்தாயி. இப்பத்தான் குடிச்சேன்.”

பேச்சிமுத்து இந்த வீட்டில் காபி வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பாண்டியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

பேச்சிமுத்து உட்காராமலே போனைக் கன்னையன் முகத்துக்கு நேரே நீட்டினார். “மாப்ளே, இது என்னா பச்ச?”

“மச்சான், என் காய ஒங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்யா. கையில வாங்கி, நகத்தால உரிச்சு, வாயில போட்டுப் பாத்தவன் நானு. வெளியூர்க்காரன் அப்படியா பாத்தான்? அவன் போன்லதான பாத்தான்.”

“அது வீடியோக் கோளாறுன்னு புள்ள சொல்லுது.”

“நானும் அதத்தான் நேத்து பூரா சொல்லிக்கிட்டு இருக்கேன். நம்பணும்ல?” பேச்சிமுத்து குரலைத் தணித்தார். “மூணு மணிக்குக் கமிட்டி. ஸ்டோருக்குள்ள நின்னு நீ பேசுறியே, ‘எங்க காயில ஒரு சொட்டுக் கலர் கெடையாது’ன்னு, அந்த எடத்த மட்டும் வெட்டாம ஒட்டாம முழுசா அனுப்பச் சொல்றாங்க. உள்ள நெறம் உள்ளபடி தெரியணும். தங்கபாண்டிய ஸ்டோர்ல இருக்கற காயில ஒரு சாக்கு கொண்டாரச் சொல்லு. படத்தையும் காயையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். ஒத்துப்போச்சுன்னா ஒன்னையப் பேசுனவன் அத்தன பேரையும் அதே குரூப்புல மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்.”

“ஒத்துப்போகலேன்னா?”

பேச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார். “தீர்மானம் நீ எழுதுனது மாப்ளே. நான் வாசிக்கத்தான் செய்யணும்.”

உள்ளறையில் அருணா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழுதால் அப்பா இன்னும் உடைந்துபோவார் என்று அழுகையை அடக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

போடியில் எக்ஸ்போர்ட் என்றால் எல்லாருக்கும் கப்பலேறுகிற ஏலக்காய்ப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அருணாவுக்கு அது வேலையின் கடைசிப் பொத்தான். வெட்டி ஒட்டிய படத்தை ஒரே ஃபைலாக வெளியே எடுப்பது. நூறு கல்யாணத்துக்கு மேல் எக்ஸ்போர்ட் செய்த கை இது. ஒரு மணப்பெண்ணின் அரக்குச் சேலைகூட இதுவரை சிவப்பாகிப் போனதில்லை. சொந்த அப்பாவின் காயில் இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது.

முதலில் அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பைச் செய்தாள். குரூப்பில் போட்ட அதே ஃபைலை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்தாள், பச்சையை இறக்கினாள். பச்சை இறங்கியது. கூடவே அப்பாவின் முகம் சாம்பல் பூசியது மாதிரி ஆனது. வெள்ளைச் சட்டையோ வெறும் வெள்ளைக் காகிதமாகவே நின்றது. ஒரு மடிப்பு இல்லை, பொத்தான் இல்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சட்டையில் மடிப்பு ஒளிந்துகொண்டிருக்கவில்லை, இந்த ஃபைலில் மடிப்பே இல்லை. எக்ஸ்போர்ட் ஆகும்போதே வெளிச்சம் அதைத் தின்றுவிட்டது. இனி இதை என்ன தடவிக்கொடுத்தாலும் திரும்பாது. எடுத்த மூலக் கிளிப்புக்கே போக வேண்டும்.

அப்போது போன் அடித்தது. அண்ணன்.

“அருணா, மூட்டைய ஏத்திட்டேன். கெளம்பப் போறேன். அப்பா எப்பிடி இருக்காரு?”

“சட்டையத் தேய்ச்சுக்கிட்டே இருக்காரு.”

அந்தப் பக்கம் தங்கபாண்டி சிரிக்க முயன்றான். முடியவில்லை. “ஏ அருணா, அந்தச் சனியன் புடிச்ச வீடியோவ அழிச்சுட்டு வேற ஒண்ணு எடுத்துட்டா என்ன? நாளைக்கே எடுப்போம். நல்ல வெயில்ல, நானே நின்னு எடுத்துத் தர்றேன்.”

“கமிட்டி கேக்கறது அந்த ஷாட்டத்தான் அண்ணே. புதுசா எடுத்தா, காய மாத்தி வச்சு எடுத்தோம்பாங்க.”

“ம்.” ஜீப் எஞ்சின் கிளம்புகிற சத்தம் கேட்டது. “சரி. மழ பேஞ்சு ரோடு மோசமா கெடக்கு. ஒரு மணி, ஒன்றர ஆயிரும். அப்பா சாப்ட்டாரா?”

“நீ சாப்ட்டியா?”

“எனக்கு என்ன?” என்று வைத்துவிட்டான்.

மூலக் கிளிப்புகளை வரிசையாகத் திறந்து ஒவ்வொன்றின் விவரத்தையும் படித்தபோது அருணாவுக்குப் பொறி தட்டியது. வழக்கமாக அவளுக்கு வருவது ஸ்டூடியோக் கேமராவில் எடுத்த சாதாரண வீடியோ. இது அவளுடைய புதுப் போனில் எடுத்தது. ஏலக்காய் ஸ்டோரில் ஜன்னலை அடைத்தே வைத்திருப்பார்கள். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். அந்த இருட்டில் அப்பா முகமும் தெரிய வேண்டும், வாசலுக்கு வெளியே தோட்டமும் தெரிய வேண்டும் என்று போன் தானாகவே, இருட்டையும் வெளிச்சத்தையும் ஒருசேரப் பிடிக்கிற எச்.டி.ஆர். முறைக்கு மாறியிருக்கிறது. எடிட் செய்யும்போதே திரையில் வெளிச்சமும் நிறமும் கூடித்தான் தெரிந்தன. பழைய லேப்டாப்பின் கோளாறு என்று நினைத்து அவள் பொருட்படுத்தவில்லை. போனில் நன்றாகத்தானே இருந்தது!

“அப்பா, இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

கன்னையன் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, காய் தரம் பார்க்கிறபோது நிற்பது போல.

“கோளாறு எங்கனன்னு கண்டுபிடிச்சுட்டேன். இந்தப் போனு எடுக்கற வெளிச்சம் ரொம்பப் பெருசுப்பா. நான் அத எறக்குன ஏனம் சின்னது. ஒரு படித் தண்ணிய உழக்குல ஊத்துனா என்ன ஆகும்?”

“வழிஞ்சு போகும்.”

“அதான் ஆயிருக்கு. வழிஞ்சு போனதுதான் ஒங்க சட்ட மடிப்பு. நிக்க எடமில்லாம எல்லாம் மேல போயி முட்டுனதுதான் இந்தப் பச்ச.”

“தண்ணி மறுபடி வருமா?”

“படியில இன்னும் அப்படியே இருக்குப்பா. ஒரிஜினல் கிளிப்ப நான் அழிக்கல.”

கிளிப்பின் நிற முறை, அதாவது கலர் ஸ்பேஸ், எச்.டி.ஆர். என்று எடிட்டிங் சாஃப்ட்வேருக்குச் சரியாகச் சொன்னாள். வேலை நடக்கிற தளத்தைச் சாதாரண வீடியோவாக வைத்தாள். ‘டோன் மேப்பிங்’ என்று ஒரு கட்டம் இருந்தது, பெரிய வெளிச்சத்தைச் சின்ன ஏனத்துக்குள் அளவாக அடக்குகிற வேலை அதனுடையது. அதில் டிக் போட்டாள்.

திரை ஒரு தடவை இமைத்தது.

கன்னையனின் சட்டையில் மடிப்பு வந்தது. இரண்டாவது பொத்தான் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது கூடத் தெரிந்தது. முகம் அவருடைய மாநிறத்துக்கு வந்தது. வாசலுக்கு வெளியே வெறும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த இடத்தில் மேகமும், மேகத்துக்குக் கீழே மலையும் வந்தன. அவர் முன்னால் குவிந்திருந்த காய் பச்சையும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து, காம்பருகே பழுப்பு ஓடி, அதன் சொந்த நிறத்தில் கிடந்தது.

கன்னையன் குனிந்து பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் முகம் தளர்ந்தது.

“இதுதான் ஆத்தா. இதுதான் நம்ம காயி” என்றார்.

பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். “எனக்கென்னமோ மொதல்ல போட்டதுதான் நல்லாயிருந்துச்சு. அதுல ஒங்கப்பா செவப்பா இருந்தாரு.”

“போடி அங்கிட்டு” என்றார் கன்னையன். சிரித்தேவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் அருணாவுக்கு மூச்சு சரியாக வந்தது.

மணி பன்னிரண்டரை. கன்னையன் குளிக்கப் போனார். அருணா எக்ஸ்போர்ட் அமைப்பையும் ஒருமுறை பார்த்து, சாதாரண வீடியோவாகவே வெளியே வருகிறதா என்று உறுதி செய்துகொண்டாள். ஃபைல் வந்தது. லேப்டாப்பில் ஓட்டினாள், தன் போனில் ஓட்டினாள், அம்மாவின் பழைய போனிலும் ஓட்டினாள். மூன்றிலும் ஒரே மாதிரி. இந்தத் தடவை அவசரப்படக் கூடாது என்று ஃபிரேம் ஃபிரேமாகவும் நகர்த்திப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டாவது விநாடியில் கை நின்றது.

அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், ஸ்டோரின் கோடியில், தங்கபாண்டி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறான். நாலு விநாடி. அந்தத் தட்டில் இருந்த காய் மட்டும் பச்சை குறையவில்லை.

இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மறுபடி அமைப்பைப் பார்த்தாள். எல்லாம் சரி. டோன் மேப்பிங் முழுப் படத்துக்கும் ஒன்றுதான். ஒரு தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போக அதற்குத் தெரியாது. பக்கத்து அலமாரியில் இருந்த காயின் நிறம் இறங்கியிருக்கிறது. அண்ணன் போட்டிருந்த பனியன் இறங்கியிருக்கிறது. வாசலோரம் கிடந்த இலை இறங்கியிருக்கிறது. தட்டு மட்டும் அப்படியே இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தாள். தட்டைப் பிடித்திருந்த விரல்களின் நுனியிலும் அதே பச்சை.

கூடிப்போன பச்சையில் இத்தனை நாளும் இது ஒளிந்து கிடந்திருக்கிறது. எல்லாக் காயும் அலறும்போது இது தனியாகத் தெரியவில்லை. மற்றதைச் சரிசெய்ததும் தெரிந்துவிட்டது. சரிசெய்ததும் அவளேதான்.

தங்கபாண்டி! குளிரில் மூன்று நாள் கண் விழித்து ஸ்டோருக்கு விறகு தள்ளுகிறவன். சாயக்காய் விற்றவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று அப்பா சொன்னபோது மறுபேச்சுப் பேசாமல் நண்பனையே விட்டுக்கொடுத்தவன். அவனா? அருணாவுக்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்தானோ.

கமிட்டியில் பத்துப் பேர். பத்துப் பேரும் காய் பார்த்தே பிழைக்கிறவர்கள். நாலு விநாடி அவர்களுக்குத் தாராளம்.

அந்த இடத்தை வெட்ட முடியாது. ஆனால் அருணாவுக்கு வேறு ஒன்று செய்யத் தெரியும். தட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் மட்டும் பச்சையை இறக்கிவிட்டு, தட்டு நகர நகர வட்டத்தையும் நகர்த்திவிட்டால் போதும். மணமேடையில் வழிந்த மையை, நெற்றியில் வந்த பருவை அவள் தினமும் அழிப்பது அப்படித்தான். பத்து நிமிஷ வேலை.

செய்தாள். செய்யும்போதே ஒன்று உறைத்தது. அண்ணன் காயில் ஏற்றிய கலரை அவள் படத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒரே வேலை. உறைத்தும் கையை நிறுத்தவில்லை. அப்பாவும் வேண்டும், அண்ணனும் வேண்டும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கன்னையன் தலையைத் துவட்டியபடி வந்து உட்கார்ந்தார். “எங்க, ஒருக்கா முழுசாப் போடு. பாத்துட்டு அனுப்பிருவோம்.”

வட்டம் போட்ட ஃபைலைத்தான் ஓட்டினாள். ஒன்று நாற்பத்திரண்டு கடந்தது. அருணா திரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நிப்பாட்டு.”

“என்னப்பா?”

“பின்னாடி போ. தங்கபாண்டி வர்ற எடத்துக்கு.” அவர் விரல் திரையைத் தொடாமல் அருகில் நின்றது. “இந்தத் தட்டு என்ன இப்பிடிச் செத்துக் கெடக்கு? பக்கத்துல இருக்கற காயில மஞ்ச இருக்கு, பழுப்பு இருக்கு. ஒரு காய் மாதிரி இன்னொண்ணு இருக்காது ஆத்தா. இதுல எல்லாம் ஒண்ணு போல இருக்கே.”

நாற்பது வருஷம் காயைப் பார்த்த கண். அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

“டவர் சரியில்லாத மாதிரி… படம் கொஞ்சம்…” என்று ஏதோ உளறினாள்.

“அருணா.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் பொய்யையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

“நான் குளிக்கப் போகுமுன்ன காமிச்சியே, அதப் போடு.”

போட்டாள். தட்டு நாலு விநாடி குறுக்கே போனது. கன்னையன் மறுபடி ஓட்டச் சொல்லவில்லை. சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணே கொண்டாற மூட்ட சுத்தமான காய்தான்ப்பா” என்றாள் அருணா. கண்ணீர் இப்போது யாரையும் கேட்காமல் இறங்கியது. “நான் மாத்துனத அனுப்பிட்டாப் போதும். அவங்க ஒருக்காப் பாப்பாங்க, விட்ருவாங்க. எல்லாரும் ஒங்கள மாதிரி பாப்பாங்களா? யாருக்கும் தெரியாதுப்பா.”

“எனக்குத் தெரிஞ்சு போச்சே.”

அவர் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். அருணா கேட்கட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டார்.

“எங்கன வர்ற?”

“முந்தல் தாண்டிட்டேன்ப்பா. இந்தா வந்துட்டேன்.”

“வண்டிய ஓரமா நிப்பாட்டு.”

எஞ்சின் சத்தம் அடங்கியது.

“அன்னைக்கு வீடியோ எடுக்கும்போது எம்பின்னால ஒரு தட்டத் தூக்கிக்கிட்டுப் போனியே. அதுல என்ன போட்ட?”

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஜீப்பைக் கடந்து போவது கேட்டது.

“தங்கபாண்டி.”

“ஒரே ஒரு தட்டுதான்ப்பா.” குரல் உடைந்தது. “விக்கல. சத்தியமா ஒரு காயி வெளிய போகல. போட்டுப் பாத்தேன், மனசு கேக்கல, மறுநாளே குழி தோண்டிக் கொட்டிட்டேன். அதான் அந்த வீடியோவ அழிச்சிருன்னு அருணாகிட்ட…”

“ஒனக்கு இதெல்லாம் தெரியாதேடா. யாரு சொல்லிக் குடுத்தா?”

“போன்ல வேணாம்ப்பா. நேர்ல சொல்றேன். பேரச் சொன்னா நீங்க நம்ப மாட்டீக.”

“வெரசா ஓட்டிட்டு வராத. மெல்ல வா” என்று சொல்லிக் கன்னையன் வைத்தார்.

வைத்த வேகத்தில் அடுத்த அழைப்பு வந்தது. பேச்சிமுத்து. “மாப்ளே, மூணு மணிக்கு எல்லாரும் வந்துருவாங்க. புள்ள முடிச்சிருச்சா?”

“முடிச்சிருச்சு மச்சான். இப்ப வரும்.”

அருணா இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “கொட்டிட்டேன்னு சொல்றான்லப்பா. விக்கலயே. அப்பறம் எதுக்கு?”

“போன வருசம் அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் ஏதோ சொல்ல வந்தாங்க. எங்கிட்டயே வந்து நின்னாங்க.” கன்னையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் கேக்கல ஆத்தா. தட்டக் காமி, பேச்சு வேணாம்னுட்டேன். இப்ப எம்மவனுக்கு மட்டும் தட்ட மறைச்சுட்டுப் பேச்சக் கேப்பனா?”

“அவனத் தள்ளி வச்சிருவாங்கப்பா.”

“அவன மட்டுமா? தோட்டம் எம்பேர்லதான இருக்கு. ரெண்டு பேரையும்தான்.”

அவள் உண்மையான ஃபைலைத் தேர்ந்து, பேச்சிமுத்துவின் பெயரை எடுத்து வைத்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றபோது கன்னையன் அதைப் பிடித்து மெல்ல நகர்த்தினார்.

“நீ அழுத்தாத. பின்னால ஒரு நா ஒங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்தா, எந்தங்கச்சிதான் அனுப்புனான்னு அவன் மனசுல இருக்கக் கூடாது.”

தானே அழுத்தினார். ஃபைல் போய்ச் சேர்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். பாண்டியம்மாள் அங்கே எதுவும் தெரியாமல் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“சோறு ஆயிருச்சா?”

“இந்தா, ஆச்சு. மூணு மணிக்குத்தான கூட்டம்? என்ன அவசரம்?”

“தங்கபாண்டி வந்துருவான். காலையில இருந்து சாப்ட்டிருக்க மாட்டான்” என்றார் கன்னையன். “ரெண்டு பேருக்கும் சேத்து எலயப் போடு. அங்கன எம்புட்டு நேரம் நிக்கணுமோ.”